இத்தா வீட்டில் இங்கிலீஷ் கிளாஸ்

ருக்கியா டீச்சர் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வெள்ளவத்தையில் கிடையாது. வகுப்பு நடத்துவதும் நின்றபடிதான், அதுவும் நின்ற இடத்தில் நில்லாமல். சோறு தின்னும்போது பாதியில் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவாள், சாத்தியது போதாதென்று திரும்பவும் போய்த் திறப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று புருஷன் ஹாஷிம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பேர்ப்பட்டவளை நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருத்தி வைத்தால் எப்படியிருக்கும்?

இருத்தியது மனிதர் யாருமில்லை, மார்க்கம். மருதானையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஹாஷிம், ஒரு மத்தியானம் ராக்கையிலிருந்து சாமான் எடுக்கக் கையை உயர்த்தியவர் அப்படியே சரிந்துபோனார். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது. புருஷன் மவுத்தானால் பெண்சாதி இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு. பூ இல்லை, அத்தர் இல்லை. வாசற்படி தாண்டக் கூடாது. அந்நிய ஆண் எவர் கண்ணிலும் படக் கூடாது. புருஷனின் கூடப்பிறந்த தம்பியும் அந்நிய ஆண்தான்.

அதனால் ஹோலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு தடித்த திரை தொங்கியது. அதைத் தைத்துக்கொண்டு வந்து மாட்டியவள் நஸ்லா, ஹாஷிமின் தம்பி மக்கீனின் பெண்சாதி. மாளிகாவத்தை ஃபிளாட்டில் இருப்பவள். காலையில் புருஷனையும் இரண்டு பெரிய பையன்களையும் கடைக்கு அனுப்பிவிட்டு, மருதானையில் ரயிலேறி, கடலோரமாகவே வந்து வெள்ளவத்தையில் இறங்கி, மஃரிப் தொழுகைக்கு முன் திரும்பிப் போவாள். இத்தாக்காரிக்குத் துணையிருக்கத்தான். இரவில் மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு ருக்கியா தனியே படுத்தாள். துணைக்கு ஆள் வேண்டாமென்று அவளேதான் பிடிவாதம் பிடித்தாள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியும்வரை ஒருமாதிரி ஓடிவிட்டது. அழுகை, குர்ஆன், வருகிற பெண்கள், தேத்தண்ணி. அதற்குப் பிறகுதான் பிடித்தது சனியன். உள்ளறைக்கும் குசினிக்கும் நடந்தாள். குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்தாள். கழுவின கோப்பையைக் கழுவினாள். ஒரு நாள் அரிசிப் பேணியைக் கொட்டித் திரும்ப அள்ளிப் போடுகிறதை நஸ்லா கண்டுவிட்டு, "ராத்தா, ஓதுங்க. மனசு அடங்கும்" என்றாள்.

"ஓதித்தான் ஈக்கிறேன் நஸ்லா. மனசு அடங்குது. காலு அடங்குதில்லயே."

அந்த நேரம் பார்த்துத்தான் கௌரி வந்தாள். ருக்கியாவிடம் வீட்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மூன்றாம் ஆண்டு மிதுனாவின் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரி, பக்கத்து லேனில் வங்கி உத்தியோகத்தரின் மனைவி. உள்ளறைக்கு வந்து பாயில் உட்கார்ந்து, கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பிசைந்தாள்.

"டீச்சர், குறை நினைக்காதேங்கோ. இந்த நேரத்தில வந்து கேக்கக் கூடாதுதான். டேர்ம் டெஸ்ட் வருது. பிள்ளை இங்கிலீஷ் புத்தகத்தைத் திறக்கிறாளே இல்லை. வேற இடத்தில விடுவம் எண்டு அவர் சொல்லுறார். எனக்கு மனம் வரேல்லை."

ருக்கியா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "சின்னப் புள்ளைகள்தானே கௌரி. நாளைக்கே வரச் செல்லுங்க."

கௌரி போனதும் நஸ்லா பதறினாள். "ராத்தா, மனிசர் என்ன செல்லுவாங்க?"

"மனிசர் எப்ப செல்லாம ஈந்தாங்க? வயசுக்கு வராத புள்ளைகள். ஹறாம் இல்ல. போய்க் கரும்பலகயத் துடை."

அப்படித்தான் திரைக்குப் பின்னால் வகுப்புத் தொடங்கியது. மூன்றாம், நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முதல் நாள் எல்லாம் பூனைபோல இருந்தார்கள், செத்த வீடென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல. வெள்ளைச் சாரியில் டீச்சரைக் கண்டதும் நிப்லா என்றொரு பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். ருக்கியா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "என்ன, டீச்சர் நர்ஸ் மாதிரி ஈக்கிறேனா?" என்று கேட்டாள். முர்ஷித் பக்கென்று சிரித்தான். அன்றோடு அந்த வீட்டின் செத்த களை கலைந்தது.

பாடம், தொகுதிப் பெயர்கள். கலெக்டிவ் நவுன்ஸ். பள்ளிப் புத்தகத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறது, சிங்கத்துக்கு இன்னது, ஓநாய்க்கு இன்னது என்று. கொழும்புப் பிள்ளை எந்த ஓநாயைக் கண்டது? சிங்கத்தைக் கண்டதும் தெஹிவளைக் கூட்டுக்குள் கொட்டாவி விடும்போதுதான். ருக்கியா புத்தகத்தைப் பார்த்துப் பாடமாக்கச் சொல்கிறவள் இல்லை. முந்திய வருஷங்களில் பிள்ளைகளை வரிசையாக மரைன் டிரைவுக்குக் கூட்டிப்போவாள். வயரில் காக்காயைக் காட்டுவாள். துறைமுகத்துக்குக் காத்து நிற்கிற கப்பல்களைக் காட்டுவாள். கண்ணால் கண்டதுக்கு வாயால் பெயர் சொன்னால் சாகுமட்டும் மறக்காது என்பது அவள் கட்சி.

இந்த வருஷம் அவள் போக முடியாது. அதனால் நஸ்லாவை அனுப்பினாள்.

"தண்டவாளம் தாண்ட வாணாம். லேன் முனையில நிண்டு பாத்துட்டு வாங்க. ஆளுக்கொரு கூட்டம் கொண்டு வரணும்."

"நானா? எனக்கு இங்கிலீஷில ஏ, பி, சி, டி வரைக்கும்தான் ராத்தா" என்று நஸ்லா இழுத்தாள். ஆனாலும் அபாயாவை மாட்டிக்கொண்டு வாசலில் முதல் ஆளாக நின்றவளும் அவள்தான்.

அவர்கள் போனதிலிருந்து ருக்கியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்திரை வெயில். காற்று உப்பாய் வந்து முகத்தில் ஒட்டியது. ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டபோது கம்பியில் முகத்தை அழுத்தி எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "சொல்லுங்க, சொல்லுங்க" என்று பறந்தாள்.

"காகம் டீச்சர், வயர் முழுக்க!" என்றாள் மிதுனா.

"அ ஃப்ளொக் ஒஃப் குரோஸ். அடுத்தது?"

"கப்பல்!" என்றான் பிரசாந்.

"அ ஃப்ளீட் ஒஃப் ஷிப்ஸ். எத்தின நிக்கிது? எந்தப் பக்கம்? கடல் என்ன நிறம் இண்டைக்கி?"

கடலின் நிறம் எந்தப் பரீட்சையில் வரும்? கேட்டவளுக்கே அது தெரியும். பிள்ளைகள் அதையும் சொன்னார்கள். பச்சையென்றான் ஒருவன், இல்லை சாம்பலென்றாள் ஒருத்தி, சண்டை வந்தது.

முர்ஷித் கொண்டுவந்தது மீன். "மீன்காரன்ட பெட்டிக்குள்ள டீச்சர், நெத்திலி. அ ஷோல் ஒஃப் ஃபிஷ்!"

"கடல்ல நீந்தினாத்தான் மகன் ஷோல். பெட்டிக்குள்ள வந்துட்டா அது அ கெட்ச் ஒஃப் ஃபிஷ்."

மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நஸ்லா தலையை நிமிர்த்தினாள். "அதே மீன்தானே ராத்தா? புடிபட்டாப் பேரும் மாறிப்போகுமா?"

"மாறும்."

"டீச்சர், எங்கட ஊட்டுல எல்லாத்துக்கும் கூட்டம்தான்" என்றான் முர்ஷித். "காக்காக் கூட்டம், மாட்டுக் கூட்டம், மனிசக் கூட்டம். வெள்ளக்காரனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேரு?"

"அவனுக்கு வேல இல்ல. நமக்கு டெஸ்ட் ஈக்கிது. எழுது."

எல்லாம் நல்லாய்த்தான் போனது. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கீன் வந்தான். பார்சல் சோறும் வட்டிலப்பமும் கொண்டுவந்தான். தம்பியென்றால் அப்படித்தான், வெறுங்கையோடு வந்ததே இல்லை. ஹோலில் அண்ணன் ஹாஷிம் நானாவின் சாய்மனைக் கதிரையில் உட்கார மாட்டான், பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வான். அவன் பேசுவான். திரைக்கு உள்ளே ருக்கியா மெல்லிய குரலில் நஸ்லாவிடம் பதில் சொல்வாள். நஸ்லா வெளியே போய் அதைப் புருஷனிடம் ஒப்புவிப்பாள். குரலும் திரைக்குள் இருக்க வேண்டுமென்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அஞ்சு நிமிஷப் பேச்சுக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும்.

"நஸ்லா, மதினிக்கிட்ட செல்லு. பள்ளிவாசல்ல ஒருத்தர் என்ன நிப்பாட்டிக் கேக்குறாரு, உங்கட நானாட ஊட்டுலீந்து பொம்புளச் சத்தம் ரோட்டுக்குக் கேக்குதே, இத்தா முடிஞ்சிட்டா எண்டு. எனக்கு மொகத்த எங்க வெக்கிற எண்டு தெரியல்ல."

நஸ்லா உள்ளே வந்தாள். ஒப்புவிக்கத் தேவையில்லை, எல்லாம் கேட்டுத்தான் இருந்தது. ருக்கியாவின் முகம் சிவந்தது. "இனிக் கேக்காதாம் எண்டு செல்லு."

"இனிக் கேக்காதாம்" என்றாள் நஸ்லா வெளியே.

"அது மட்டுமில்ல" என்றான் மக்கீன். குரல் தணிந்தது. "இத்தா முடிஞ்சா மதினி இஞ்ச தனிய என்னத்துக்கு? புள்ளகுட்டியும் இல்ல. நம்மட ஃபிளாட்டுல ஒரு ரூம் ஈக்கிதே. இந்த ஊட்ட ஒரு கம்பெனிக்காரர் ஒஃபீஸுக்குக் கேக்குறாரு. வாடக மதினிட கைக்கே வரட்டும், எனக்கு ஒரு சதம் வாணாம்."

அவன் நல்லவன்தான். அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவனென்றால் சண்டை பிடிக்கலாம். வீடு அண்ணன் தம்பி இருவரின் உம்மா விட்டுப்போன வீடு. மக்கீனுக்கும் அதில் உரித்துண்டு, புருஷன் வழியில் ருக்கியாவுக்கும் உண்டு. அவள் வாயால் சரியென்று ஒரு சொல் வராமல் அவன் எதுவும் செய்ய மாட்டான். அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டு வந்திருந்தான். மாளிகாவத்தை ஃபிளாட்டின் அந்த அறையை ருக்கியாவுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த ஃபிளாட்டின் சுவர். அங்கே கரும்பலகை எங்கே மாட்டுவது? இந்தப் பிள்ளைகள் அங்கே எப்படி வரும்? வகுப்புப் போனால் தனக்கு என்ன மிச்சம்? நஸ்லாவின் குசினியில் ஓரமாய் ஒரு கதிரை.

"யோசிக்கணும் எண்டு செல்லு" என்றாள்.

மறுநாளிலிருந்து வகுப்பு வேறுமாதிரி நடந்தது. டீச்சர் குசுகுசுத்தாள், பிள்ளைகள் கத்தினார்கள். "அ பஞ்ச் ஒஃப்..." என்று அவள் உதட்டளவில் சொல்லி இடுப்புச் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டுவாள். "கீஸ்!" என்று லேன் அதிரும். டீச்சரின் குரல்தானே கேட்கக் கூடாது, பிள்ளைகளின் குரலை எந்தப் பள்ளிவாசலில் தடுத்திருக்கிறது? பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. ருக்கியாவுக்குத்தான் முடியவில்லை. சத்தம் போட்டே பழகிய வாய். சில நேரம் வகுப்பு முடிந்த பிறகு தலையணையில் முகத்தை வைத்து, யாருக்குமில்லாமல், மாட்டு மந்தைப் பாடத்தை, "அ ஹேர்ட் ஒஃப் கெட்டில்" என்று கத்துவாள். கத்திவிட்டு அழுவாள். அதற்கெல்லாம் ஹாஷிம் இருந்தால் சிரித்திருப்பார்.

மக்கீன் யோசிக்க விடவில்லை. வகுப்பு நேரத்திலேயே ஒரு பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். கூட ஒரு புரோக்கர், அந்தக் கம்பெனிக்காரர், அவருடைய அளவு நாடாக்காரன். நாலு ஆம்பிளைகளின் சப்பாத்துச் சத்தம் ஹோலுக்குள் வந்ததும் நஸ்லா பாய்ந்து திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பாயில் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

வெளியே சுவரை அளந்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள், சாத்தினார்கள். ஒருவன் ஹாஷிமின் சாய்மனைக் கதிரையைத் தரதரவென்று இழுத்து ஓரமாய்ப் போட்டான்.

"மே பந்தியக்த?" இது ஒரு வகுப்பா என்று கம்பெனிக்காரர் சிங்களத்தில் கேட்டார்.

"ஒவ் மஹத்தயா, தவ டிக்க தவசய்." இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்றான் மக்கீன்.

ருக்கியாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். பிள்ளைகளைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "அ கேங் ஒஃப்..."

பிள்ளைகளுக்குத் தெரிந்த பாடம். ஒரே தொண்டையாய்க் கத்தினார்கள். "தீவ்ஸ்!"

அவள் கையைச் சுழற்றினாள், இன்னொருதரம். "அ கேங் ஒஃப் தீவ்ஸ்!" திருடர் கூட்டமென்று வீடே இடிந்தது. அளவு நாடாக்காரன் கையை விட, நாடா சுர்ரென்று சுருண்டுகொண்டது.

"அப்பிட்டத கியன்னே?" எங்களைத்தான் சொல்கிறார்களோ என்று கம்பெனிக்காரர் கேட்டார். பாதிச் சிரிப்பு, பாதிக் கோபம். புரோக்கர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, உள்ளறையையும் ஒருக்கால் பார்த்துவிட்டால் போகலாம் என்றான்.

நஸ்லா திரைக்கு வெளியே வந்து குறுக்கே நின்றாள். "ஏலா. உள்ளுக்கு இத்தாவுல ஈக்கிறவங்க. ஆம்புள போக ஏலா."

"ஒரு நிமிஷம் பின்பக்கம் போய் நிக்கச் செல்லன்" என்றான் மக்கீன்.

"எங்க போற? கிணத்தடிக்கா? இத்தாக்காரிய இடத்த விட்டு எழுப்பினா ஆருக்குப் பாவம் எண்டு உங்கட பள்ளியில கேட்டுட்டு வாங்க."

தன் பெண்சாதி இப்படிப் பேசி மக்கீன் கேட்டதில்லை. வந்த நாலு பேரும் திரும்பிப் போனார்கள். கேற் சாத்தப்பட்டதும் உள்ளே ருக்கியா சிரிக்கத் தொடங்கினாள். ஹாஷிம் போன பிறகு முதல் சிரிப்பு. பிள்ளைகளும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் சாரித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மிதுனா எழும்பிப் போய்த் தண்ணி வார்த்துக்கொண்டு வந்தாள்.

சிரித்தாயிற்று. ஆனால் பிரச்சினை அப்படியே இருந்தது. இத்தா முடிய ஒரு கிழமைகூட இல்லை. அந்த நாட்களில் இரவு காற்று கிளம்பிவிட்டது, தென்மேற்குக் காற்று. கடல் விடிய விடிய இரைந்தது. யாரோ பின்கதவைத் தள்ளுவது மாதிரி இருக்கும். எழும்பிப் போய்ப் பார்த்தால் காற்று. படுத்தால் திரும்பவும் தள்ளும். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனியே இருப்பேன் என்று வீறாப்புப் பேசியவளுக்குத் தனிமை என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிந்தது. இனி இப்படியே எத்தனை வருஷம்? பயந்துபோனாள். பொய் சொல்லி என்ன, நன்றாகவே பயந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை மக்கீன் வந்தான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தான். நஸ்லா வைத்த தேத்தண்ணி ஆறியது. அவன் சண்டைக்கு வருவான் என்று திரைக்குப் பின்னால் சொல்லெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு நின்ற ருக்கியாவுக்கு அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அண்டைக்கு ஆக்களக் கூட்டிட்டு வந்தது பிழதான். மதினிக்கிட்ட மாப்புக் கேட்டதாச் செல்லு" என்றான். பிறகு, "நானா எனக்கு வாப்பா மாதிரி. இந்த வாசல்ல செருப்பக் கழட்டுற நேரம் எல்லாம் அவர்ட சத்தம் கேக்கும் எண்டு பாக்குறேன். கேக்குதில்ல. எனக்கு இஞ்ச வரவே ஏலாம ஈக்கிது. இந்த ஊட்டுல மதினி தனிய ஈந்து ஒண்டு கிடக்க ஒண்டு ஆயிட்டா, நாளைக்கு மறுமையில, மஹ்ஷர்ல, நானாட மொகத்த நான் எப்படிப் பாக்குற? அந்தக் கம்பெனிக்காரருக்கு இண்டைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு பதில் செல்லணும். மதினி ஒரு வார்த்த செல்லட்டும். சரியா, இல்லயா. ஏலா எண்டாலும் நான் இனி வந்து கேக்க மாட்டேன்."

ருக்கியா சுவரில் சாய்ந்தாள். அடுக்கி வைத்திருந்த சொல் ஒன்றும் உதவவில்லை. இப்படி அழுகிறவனிடம் எதைச் சொல்வது? அவன் கேட்பதில் என்ன பிழை? கரும்பலகையைப் பார்த்தாள். நேற்றைய பாடம் அழிக்காமல் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி எண்டு செல்லு நஸ்லா" என்றாள். மூச்சுக்குச் சமமான குரல். "வாறேனாம் எண்டு செல்லு."

நஸ்லா அசையவில்லை.

"கேட்டாத்தானே? போய்ச் செல்லு புள்ள."

நஸ்லா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு திரையைத் தள்ளி வெளியே போனாள். திரை அசைந்து நின்றது.

"ராத்தாக்கு ஏலாதாம்" என்று நஸ்லா சொன்னாள்.

உள்ளே ருக்கியா சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"என்ன?" என்றான் மக்கீன்.

"இந்த ஊட்டுலதானாம் இருப்பாங்க. கிளாஸையும் விட மாட்டாங்களாம். இரவைக்கு ஆரையாச்சும் துணைக்கு வெச்சிக்கொள்ளுவாங்களாம். ஊட்ட ஆருக்கும் குடுக்க வாணாமாம்."

"மதினியா இவ்வளவும் செல்றா?" மக்கீன் கதிரையை விட்டு எழும்பிய சத்தம் கேட்டது. "இவ்வளவு பேச்சு ஒண்டும் உள்ளுக்குக் கேக்கல்லயே."

"குசுகுசுத்தா எப்படிக் கேக்கும்? நீங்கதானே சத்தம் போட வாணாம் எண்டீங்க."

பிறகு மக்கீனின் குரல் திரைக்கு வெகு கிட்டத்தில் கேட்டது. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவன் பெண்சாதியை விட்டுவிட்டு நேரே கேட்டான்.

"மதினி, மன்னிச்சிக்கோங்க. உங்கட வாயால கேக்கணும். நஸ்லா செல்றது சரிதானா?"

ருக்கியா திரையின் கீழ் விளிம்பைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் மக்கீனின் கால்கள். பக்கத்தில் நஸ்லாவின் கால்கள், விரல்களை நிலத்தில் ஊன்றிக்கொண்டு. இல்லை, அவள் பொய் சொல்கிறாள் என்றால் முடிந்தது. நஸ்லாவுக்கு இன்றிரவு வீட்டில் என்ன கிடைக்கும் என்பதை நினைத்தாள். அது ஒரு பக்கம். ஆனால் அதற்காக மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. தான் சொல்லத் துணியாததை இன்னொருத்தி சொல்லிவிட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கு விளங்கியது.

"சரிதான் தம்பி" என்றாள். குசுகுசுப்பு இல்லை. பாயின் கடைசி வரிசைக்கும் கேட்கிற வகுப்புக் குரல், லேன் முனைவரைக்கும் போகிற குரல். "நஸ்லா செல்றது ஒவ்வொண்டும் சரி. நான் எங்கயும் வரல்ல."

மக்கீனின் கால்கள் திரையை விட்டு விலகின. பிறகு, "அல்லாஹ் போதுமானவன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனான். ஈரத்தில் செருப்பு இழுபடுகிற சத்தம் கேற்வரை கேட்டது.

நஸ்லா உள்ளே வந்து பாயில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகம் வெளிறி வியர்த்திருந்தது.

"உனக்குப் பைத்தியமாடி?" ருக்கியா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நான் சரி எண்டு செல்லச் சொன்னேன். எனக்காக ஏன் இப்படி ஒரு பொய்? அந்த மனிசன் உன்னச் சும்மா விடுவாரா?"

"உங்களுக்காகவா?" நஸ்லா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணும் நிரம்பியிருந்தது, ஆனால் குரல் கோபமாய்த்தான் வந்தது. "நீங்க அங்க வந்துட்டா, காலையில ரயிலேறி நான் எங்க போற ராத்தா?"